சமய பாட நேரத்தில் வெளியே நின்ற இங்கர்

அடுத்தவர்களின் பழைய கடதாசிகளை வாசித்துச் சம்பளம் வாங்குகிற தொழில் என்னுடையது. வாசித்ததைப் பிழையாக விளங்கினால் வெட்கமும் சேர்ந்து கிடைக்கும். டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் ஒரு சிறிய ஆவணக் காப்பகத்தில் வேலை செய்கிறேன். கவுண்டருக்குப் பின்னால் நின்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்களுக்கு என் பாடு தெரியும்.

இந்த நாட்டில் மோர்மன் என்ற சிறிய கிறிஸ்தவ சபைக் குடும்பத்துப் பிள்ளைகள் எப்படிப் படித்தார்கள் என்று காட்டும் கடதாசிகளைப் போன வருடம் சேர்க்கத் தொடங்கினோம். முதல் பெட்டியைக் கொண்டுவந்தவர் இங்கர், ஓய்வுபெற்ற தாதி. பள்ளிக்கூட றிப்போர்ட்டுகள், ஞாயிறு வகுப்புக் கொப்பிகள், விடியற்காலை வேத வகுப்புக்குப் போன காலத்து நாட்குறிப்பு எல்லாம் அதில் இருந்தன.

கோப்பி

பெட்டியைத் தந்துவிட்டுப் போனவர் அடுத்த கிழமை கதைக்க வந்தார். அதற்குள் நான் கொப்பிகளை வாசித்து முடித்திருந்தேன். கோப்பி குடிக்கக்கூடாது என்ற தங்கள் சபைப் பாடத்தை அவர் சின்னக் கையெழுத்தில் ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தார். அதை வாசித்த நானே, ஆள் வந்து இருந்ததும் ஒரு கப் கோப்பியை ஊற்றி முன்னால் வைத்தேன்.

அவர் முகம் சுளிக்கவில்லை. கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னார்: "குடிக்க மாட்டன். ஆனா வெளியிலை நல்ல குளிர், கை சூடாகட்டும்."

கொரிடோர்

அவருடைய மூன்றாம் வகுப்பு றிப்போர்ட்டில், "அடிக்கடி வகுப்புக்கு வெளியே நின்றார்" என்று ரீச்சர் எழுதியிருந்தா. நானும் யோசிக்காமல், "ஒழுங்குப் பிரச்சினை உள்ள மாணவி" என்று விபரக் குறிப்பில் பதிந்தேன். அந்தக் குறிப்பை யாரும் இணையத்தில் பார்க்கலாம். அவருடைய பேத்தி பார்த்துவிட்டாள்.

இங்கர் கோபமாக வரவில்லை. அதுதான் இன்னும் வெட்கமாக இருந்தது. வேறு சபைப் பிள்ளை என்பதால் சமய பாடம் முடியும்வரை தன்னை வெளியே நிற்கவிட்டார்கள் என்று விளங்கப்படுத்தினார். றிப்போர்ட்டை எடுத்துத் தன் பையில் வைத்தபோது பெட்டி முழுவதும் திரும்பிப் போகப்போகிறது என்று நினைத்தேன். அவர் இருக்கும்போதே குறிப்பைத் திருத்தினேன். திரையை வாசித்துப் பார்த்துவிட்டு, றிப்போர்ட்டைத் திரும்ப மேசையில் வைத்தார்.

"இன்னொண்டும் எழுதுங்கோ," என்றார். "கொரிடோரிலை தொங்கின கோட்டெல்லாம் ஆரின்ரை எண்டு எனக்கு மனப்பாடம்."

கடை வரிசை

இந்த மோர்மன் பெட்டி வேலையால், தமிழ் ஆட்கள் கூடும் எங்கள் கத்தோலிக்கக் கோவிலில் நான் மதம் மாறிவிட்டேன் என்று கதை பரவியிருந்தது. சுப்பர் மார்க்கெட் வரிசையில் நின்றபோது, அதே கோவிலுக்கு வரும் மன்னார் அன்ரன் அண்ணை அதை நேரே கேட்டார். எனக்குக் காது சுட்டது. நாலு தமிழ் ஆட்களுக்குக் கேட்கட்டும் என்றே உரத்துச் சொன்னேன்: "மோர்மன் ஆக்களோடை எனக்கென்ன கதை, அண்ணை? சம்பளத்துக்கு அவையின்ரை குப்பையைக் கிளறுறன், அவ்வளவுதான்."

திரும்பினால் பால் பெட்டியுடன் இங்கர். தமிழ் தெரியாது. ஆனால் மோர்மன் என்ற சொல் எந்த மொழியிலும் ஒன்றுதானே. சிரித்தபடி டெனிஷில் கேட்டார்: "எங்களைப் பற்றி நல்லதாத்தானே சொன்னீங்கள்?"

கையெழுத்து

அதற்கு நான் ஓம் என்று தலையாட்டிவிட்டேன். நன்கொடைப் பத்திரத்தில் கையெழுத்து வைக்க அவர் வந்தபோது, பேனையைக் கொடுக்குமுதல், கடையில் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் டெனிஷில் சொன்னேன். குப்பை என்ற சொல்லையும் விடவில்லை. பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோக விரும்பினால் நானே தூக்கிக் காரில் வைக்கிறேன் என்றும் சொன்னேன்.

அவர் பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தார். "பள்ளிக்கூடத்திலை என்ரை சிநேகிதிகளும் அப்பிடித்தான் சொன்னவை," என்றார். "ஆனா ஒருத்தியும் திரும்பி வந்து என்னட்டைச் சொல்லேல்லை."

பழைய கடதாசியைத் தொட எங்களுக்குக் கையுறை தருகிறார்கள். அதை எழுதிய ஆளின் முகத்தைப் பார்க்கத்தான் ஒன்றும் தருவதில்லை.