சுவிட்சிலிருந்து கையை எடுத்தவள்

தையல்காரிக்கு ஒரு பழக்கம். இருக்கையை விட்டு எழுந்தால் போதும், கை தானாகச் சுவரிலிருக்கும் சுவிட்சுக்குப் போய்விடும். ஒருமுறை மெஷினை அணைக்காமல் எழுந்துபோனாள்; திரும்புவதற்குள் மகளின் விரலை ஊசி பதம் பார்த்துவிட்டது. அன்று பிடித்த பயம். கல்யாணமாகிப் போன மகள் விட்டுச்சென்ற பழைய கணினிக்கும் அதே மரியாதைதான்.

இன்னொரு பழக்கம், யார் எதைக் கேட்டாலும் "வேண்டாங்க" என்பது. வாசலில் சாமான் விற்க வருபவர்களுக்கும் அதுதான். திரையில் முளைத்து 'அனுமதிக்கவா?' என்று கேட்பவற்றுக்கும் அதுதான்.

அன்று பதினோரு மணிக்கு அவளுக்குக் கணினி வழியே நேர்காணல். மருத்துவமனை உடுப்பு தைக்கும் நிறுவனத்தில் வேலை. கிழிசல் தைத்தே காலம் தள்ளியவளுக்கு முதன்முதலாக வந்த வாய்ப்பு. பத்தேகாலுக்கு நேர்காணல் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். 'உங்கள் பிரவுசர் பழையது, புதுப்பித்துவிட்டு வாருங்கள்' என்றது. புதுப்பித்தாள். 'தோல்வி.' மறுபடியும் 'தோல்வி.'

மாடியில் மூத்த ஓரகத்தி குடியிருந்தாள். மருந்துக்கடையில் பில் போடுபவள். வாய் கொஞ்சம் நீளம். அதனாலேயே தையல்காரி அவளிடம் அதிகம் பேசுவதில்லை. இன்று வேறு வழியில்லாமல் படியேறினாள்.

பின்னிக்கொண்டிருந்த தலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓரகத்தி இறங்கி வந்தாள். திரையில் பல நாளாகப் பாதியிலேயே நின்றுபோன பதிவிறக்கங்கள் வரிசையாகக் கிடந்தன.

"எத்தனை தடவைடி பாதியில நிறுத்தின?"

"நான் எங்கக்கா நிறுத்தினேன்? அது பாட்டுக்கு ஓடிட்டு இருக்கும், நான் சமைக்கப் போயிடுவேன்..."

"போறப்ப?"

தையல்காரி சுவிட்சைப் பார்த்தாள்.

"அடிப்பாவி! என் தலையைப் பாரு. பாதியில விட்டா எல்லாம் இந்த லட்சணத்துலதான் இருக்கும்."

அரைகுறையாகக் கிடந்ததை அழித்துவிட்டு, முழுதாக மறுபடி இறக்கினாள். "வீடே பத்திக்கிட்டு எரிஞ்சாலும் எந்திரிக்காத."

திரையில் பதிவிறக்கக் கோடு ஊர்ந்து ஊர்ந்து தொண்ணூறில் நின்றது. மணி பத்து ஐம்பது. தையல்காரி இரு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டாள். ஒருவழியாக நூறு வந்தது.

நேர்காணல் பக்கம் திறந்தது. ஆனால் அவள் முகமும் தெரியவில்லை, குரலும் போகவில்லை. ஓரகத்தி முகவரிக்குப் பக்கத்திலிருந்த பூட்டுப் படத்தை அழுத்தினாள். கேமரா, மைக் இரண்டுக்கும் 'மறுப்பு' என்றிருந்தது.

"கண்ணைக் கட்டி, வாயையும் அடைச்சிட்டுப் பேச வந்தியா? மச்சினர் எப்படித்தான் உன்கிட்ட சம்மதம் வாங்கினாரோ!"

இரண்டையும் மாற்றினாள். உடனே இன்னொன்று முளைத்தது: 'நீங்கள் இருக்கும் இடத்தை அறியலாமா?'

"இதுக்கு வேண்டாம் போடு. யார் கேக்குறா, எதுக்குக் கேக்குறான்னு பாத்துச் சொல்லு. அவ்வளவுதான்."

பதினோரு மணிக்குத் திரையில் வந்த நிறுவனத்து அம்மாள் தைத்த சட்டை ஒன்றைக் காட்டச் சொன்னார். தையல்காரி காலரைப் புரட்டி உள்தையலைக் காட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "திங்கட்கிழமை வந்துடுங்கம்மா."

ஓரகத்திக்குக் கடைக்கு நேரமாகிவிட்டது. பாதிப் பின்னலோடே செருப்பை மாட்டினாள். தையல்காரி விடவில்லை. "இருங்கக்கா" என்று அவளை இழுத்து உட்காரவைத்து, மீதிப் பின்னலைப் பின்னி முடித்துவிட்டாள். முடித்த கை பழக்கத்தில் சுவிட்சை நோக்கிப் போய், பாதி வழியில் நின்றது.

"அக்கா, இப்ப அணைக்கலாமா?"