இரத்தம் இல்லாத சாட்சி

தையற்காரம்மாவின் கணவர் ஒரு துணி மில்லில் இருபத்தாறு வருடம் லிஃப்ட் இயக்கியவர். கம்பி அறுந்து மூட்டை தூக்குபவர் ஒருவர் செத்தபோது, கம்பியை மாற்றச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்ததைக் கோர்ட்டில் உள்ளபடி சொன்னார். வேலை போயிற்று, பட்டப்பெயர் வந்தது. தெருவில் பூனை காணாமல் போனாலும், "சாட்சியக் கேளுங்கப்பா, பாத்திருப்பாரு" என்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். அவளுக்குத்தான் விரலில் ஊசி ஏறும்.

அவர் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். எந்தச் சொல்லால் கேலி செய்தார்களோ அதையே கல்லறையில் மரியாதையாக வெட்டவேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

கல் வந்தது. பெயருக்குக் கீழே "இரத்தசாட்சி" என்றிருந்தது. விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்தவர்களுக்குச் சபையில் வழங்கும் சொல்.

"என்னங்க இது?"

"சர்ச்சு கல்லாச்சேம்மா. நீங்க அவசரத்துல பாதிய விட்டுட்டீங்கன்னு நெனச்சேன்" என்றார் கல் வெட்டுபவர்.

கொழுந்தன் தலையில் அடித்துக்கொண்டான். "அண்ணி, அண்ணன் சிந்துன ரத்தமெல்லாம் சுகர் டெஸ்டுக்குத்தான்! ஊரே சிரிக்கப்போகுது."

போதகர் பார்த்துச் சரியென்றால்தான் கல்லை நடலாம். சாட்சி என்ற சொல்லே வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டால், செத்தும் அவர் கேலிப்பொருள்தான்.

மறுநாள் வந்த போதகருக்கு அவள் மகன் வயதுதான் இருக்கும். கல்லை இரண்டு முறை படித்தார். "அம்மா, அவரு எதுக்குச் சாட்சி?"

கோர்ட்டு விஷயத்தைத் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தாள்.

"அப்ப மொத நாலு எழுத்த மட்டும் எடுத்துடுங்க."

"மிச்சம் இருக்கலாமா ஐயா?"

"அதுதாம்மா மூலமே. புதிய ஏற்பாடு எழுதுன கிரேக்கத்துல ரத்தசாட்சிங்கற வார்த்தைக்கு, கோர்ட்டுல நின்னு கண்டதச் சொல்றவன்னுதான் அர்த்தம். சொன்னதுக்காக ஜனங்க சாக ஆரம்பிச்ச பிறகுதான் ரத்தம் வந்து ஒட்டிக்கிச்சு."

"அப்ப எங்கண்ணன்தான் ஒரிஜினலு!" என்றான் கொழுந்தன்.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவர் போன பிறகு அதுதான் முதல் சிரிப்பு. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாலும் நிற்கவில்லை.

கல் வெட்டுபவர் நாலெழுத்தையும் ராவி எடுத்தார். மிஞ்சிய சொல் வலப்பக்கமாக ஒதுங்கிக் கிடந்தது. "நடுவுல இல்லியேம்மா. வேற கல்லு போட்டுத் தரட்டா?"

"வேணாங்க, நிக்கட்டும்" என்றாள். "கோர்ட்டுலயும் அவரு ஓரமாத்தான் நின்னாரு."