தலைவருக்குப் போர்த்திய பொன்னாடை

1996ஆம் ஆண்டு நவம்பர் 14, வியாழக்கிழமை, மாலை ஐந்து மணி. இத்தாலியின் பலெர்மோ நகரில் எங்கள் வட்டாரச் சபையின் கூட்டம் அந்நேரத்துக்குத் தொடங்கியது. நான் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன்; சபைகளில் எனக்கு ஆர்வமில்லை. என்னை அங்கே இழுத்துச் சென்றது அக்காவின் வாசலில் ஓடிய கழிவுநீர்க் கான்.

அக்கா கைக்குழந்தையுடன் நிலத்தளத்து அறையொன்றில் குடியிருந்தார். தெருக் கான் உடைந்திருந்ததால், மழை பெய்யும்போதெல்லாம் மலநீர் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தது. குழந்தையின் இருமல் நிற்கவில்லை. கான் சபைக்குரியது என்று வீட்டுக்காரர் கைவிரித்தார். வேறு வீடு கேட்ட இடங்களில், எங்கள் இலங்கை முகத்தைக் கண்டதும் கதவு மூடிற்று. சபை கானைத் திருத்தினால்தான் அந்தக் குழந்தை குளிர்காலத்தை அங்கே கழிக்க முடியும்.

எங்களுக்காக மனுக் கொடுத்தவர் தமிழ்ச் சங்கத் தலைவர். எல்லோருக்கும் அவர் அங்கிள். கோட் அணிந்து, ஒரு பொன்னாடையும் தட்டு நிறைய வடையுமாக வந்திருந்தார்.

“அங்கிள், கான் திருத்தினாப் பிறகு போர்த்துவமே?” என்றேன்.

“இல்லைப் பிள்ளை. முதல்லை மரியாதை, பிறகுதான் கதை. ஊரிலை எம்.பி.யிட்டை வெறுங்கையோடையே போனனாங்கள்?”

குழந்தையைத் தோளிற் போட்டிருந்த அக்கா திரும்பினார். “சால்வை போர்த்தினால் நாத்தம் போகுமெண்டால் எனக்கும் ஒண்டு வாங்கித் தாங்கோ.”

முதல் விடயம், திருவிழா விளக்குகளைத் தேவாலயத்தின் எந்தப் பக்கம் கட்டுவது என்பது. வலப்பக்கம் என்றவருடைய மைத்துனரின் கடை வலப்பக்கம் இருந்தது. இடப்பக்கம் என்றவருடைய தாயாரின் பலகணி இடப்பக்கம் இருந்தது. புகைத்தல் தடை என்ற பலகையின் கீழ் மூவர் புகைத்தார்கள். ஓர் உறுப்பினர் கார்ச் சாவியினால் காதைக் குடைந்து, அதன் நுனியைப் பார்த்து, மறுபடியும் குடைந்தார். ஏழு மணிவரை இதே பேச்சு.

எங்கள் தெருவின் பெயரைச் செயலாளர் வாசித்தார். நான் எழுவதற்குள் அங்கிள் விரைந்துபோய்ப் பொன்னாடையைச் சபைத் தலைவரின் தோளில் போர்த்தினார். மண்டபம் கைதட்டியது. வடைத் தட்டு கைமாறியது.

“பாருங்கள்,” என்றார் தலைவர், வடையைக் கடித்தபடி. “நன்றி தெரிந்த மக்கள். இங்கே பிறந்த எவனாவது ஒரு கானுக்காக எனக்கு நன்றி சொன்னதுண்டா?”

நான் இத்தாலியத்தில் சொன்னேன்: “கான் இன்னும் உடைந்துதான் கிடக்கிறது. அதைத் திருத்தும்படி கேட்கவே வந்தோம்.”

“சிஞ்ஞோரினா,” என்று இளம்பெண்ணுக்குரிய மரியாதையோடு என்னை அழைத்தார் தலைவர். “வேலை முடியுமுன் யாராவது பரிசு கொடுப்பார்களா?”

“நம்மவர்கள் முடிந்த பிறகும் கொடுப்பதில்லை!” என்றார் காது குடைந்தவர். மண்டபம் சிரித்தது. அங்கிளும் சிரித்தார், வேகமான இத்தாலியம் அவருக்குப் பிடிபடாது. நன்றி ஏற்கப்பட்டது, விடயம் முடிந்தது என்று அறிவித்துவிட்டு, உறுப்பினர்கள் கார் நிறுத்தும் இடம் பற்றிய அடுத்த விடயத்துக்குத் தாவினார்கள்.

கான் திருத்தியாயிற்று என்று சபைத் தலைவர் உண்மையிலேயே நம்பினாரா, நம்புவது அவருக்கு வசதியாக இருந்ததா என்று எனக்கு இன்றும் தெரியாது. நினைவில் நிற்பது அவருடைய உதட்டில் மினுங்கிய எண்ணெய்.

வெளியே வந்ததும் அங்கிள் ஆவலாகக் கேட்டார்: “என்னவாம் பிள்ளை?”

“எங்களைப் புகழ்ந்தவை. கான் திருத்தமாட்டினம்.”

“அப்ப வடை?”

“அதைச் சாப்பிட்டிட்டினம்,” என்றார் அக்கா.

அன்றிரவு மழை பெய்தது. மறுநாட் காலை நான் விரிவுரைக்குப் போகாமல் சபைக்குப் போனேன். பொன்னாடை தலைவர் உட்காரும் கதிரையில் கிடந்தது. யாரோ அதில் எண்ணெய் விரல்களைத் துடைத்திருந்தார்கள். அது தலைவருடையது என்று வாயிற்காவலர் தடுத்தார். “கான் திருத்திய அன்று திரும்பக் கொண்டுவருவேன்,” என்று சொல்லி எடுத்துக்கொண்டேன். பிறகு அக்கா வீட்டுக்குச் சென்று, அதை நீளமாக முறுக்கி, சரிகைக் கரை தெருப்பக்கம் தெரியும்படி, வாசற்படியில் இறுக்கி அடைத்தேன்.