மர்சலின் டீச்சரின் நாடி

என் அக்கா மர்சலினைப் பற்றிக் கேட்டால் சாந்தோமில் எல்லோரும், "ஐயோ பாவம், நெஞ்சு நோய்க்காரி" என்பார்கள். பாவமாவது ஒன்றாவது! அவளைப் போல வஞ்சம் வைத்தவளை நான் பார்த்ததில்லை. அதில் பாதி எனக்கும் உண்டு, மறைப்பானேன்.

அக்கா பெண்கள் பள்ளியில் நான்காம் வகுப்பு டீச்சர். 1945 வாக்கில் அவளுக்கு நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது. கரும்பலகையில் இரண்டு வரி எழுதினால் மூச்சு வாங்கும். எங்கள் மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவர், பள்ளிக் கமிட்டிச் செயலாளர் டாக்டர் ஆரோக்கியநாதன். தேனாம்பேட்டையில் அவருடைய கிளினிக்குக்குப் போனோம். கம்பவுண்டர் பாட்டிலில் மருந்தை ஊற்றி, அளவு தெரிய, வேளைக்கு ஒரு பல் என்று ஓரத்தில் வெட்டிய காகிதத்தை அதன்மேல் ஒட்டிக் கொடுத்தான்.

"விடியக்காலை, வெறும் வயித்துல, ஒரு வேளை" என்றார் டாக்டர்.

விடியற்காலையில்தானே பூசை! அக்கா தினமும் அங்கே நன்மை, அதாவது சாமியார் தரும் திருவப்பம், வாங்குகிறவள். நள்ளிரவுக்குப் பிறகு தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்கக் கூடாது என்பது அப்போதைய திருச்சபைக் கட்டளை. மருந்தும் கூடாது. பூசை முடிவதற்குள் டாக்டர் சொன்ன வேளையும் தாண்டிவிடும்; ஆகவே பூசைக்குப் போக முடியாத நாளில் மட்டும் குடித்தாள். அதை டாக்டரிடம் சொல்ல வெட்கம். அவரும் கேட்கவில்லை. தினமும் அதே பூசையில், அவளுக்கு நாலு ஆள் தள்ளி முழங்காலிட்டு நன்மை வாங்கிய மனிதர்!

ஆறு மாதம் கழித்து, "மருந்துக்கு அடங்கலைன்னா அது நோயே இல்ல. ஹிஸ்டீரியா. கல்யாணம் ஆகாததுங்களுக்கு வர்றதுதான்" என்று சொல்லி, அதையே பள்ளிக்கும் எழுதிக் கொடுத்தார். வேலை போயிற்று. தெருவே சிரித்தது.

அக்கா அழவில்லை. "நோரா, இது நோய்தான்னு அந்தாளு வாயாலயே நாலு பேர் முன்னாடி சொல்ல வைக்கிறேன். அதுக்கப்புறம்தான்டி சாவேன்" என்றாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஷாகிரா என்ற லேடி டாக்டர் அவளைப் பார்த்தார். நெஞ்சில் குழாயை வைத்துக்கொண்டு, என்னை மணிக்கட்டைப் பிடிக்கச் சொன்னார். ஒரே நிமிடத்தை இருவரும் எண்ணினோம். நெஞ்சில் நூற்று முப்பது, கையில் தொண்ணூறு.

"ஆரிகுலர் ஃபிப்ரிலேஷன். இதயத்தோட மேலறை தாறுமாறா நடுங்குது. பல துடிப்பு கைவரைக்கும் வந்து சேரலை. இப்படி யாராலயும் நடிக்க முடியாதும்மா" என்றவர், "கொடுத்த மருந்தை நிஜமாவே குடிச்சீங்களா?" என்றார்.

அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். அக்கா உண்மையைச் சொன்னாள்.

"அட, ராத்திரி குடிங்களேன்! ஆண்டவன் கோவிச்சுக்க மாட்டான்."

மூன்று மாதத்தில் இரண்டு எண்ணிக்கையும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டன. வேலைக்குப் போகலாம் என்று ஷாகிரா எழுதிக் கொடுத்தார். மறுபடி வேலை கேட்டு மனுக் கொடுத்தோம். பள்ளிக் கமிட்டி கூடிய அன்று அந்தக் காகிதத்தை நான் நீட்டப் போனேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"டாக்டரே இங்க எண்ணிப் பாக்கட்டும்."

ஆரோக்கியநாதன் நெஞ்சில் குழாயை வைத்தார். நான் மணிக்கட்டைப் பிடித்தேன். பங்குச் சாமியார் கடிகாரத்தைப் பார்த்து, "போதும்" என்றார்.

"எண்பத்தெட்டு" என்றேன். டாக்டர் குழாயை மடிக்கத் தொடங்கினார்.

"சொல்லுங்க டாக்டர்" என்றாள் அக்கா.

"நூத்தி நாப்பத்திரண்டு."

"இது நோயா, நடிப்பா?"

கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "நோய்தான். நான் எழுதினது தப்பு."

எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. அதற்குள் சாமியார், "இப்படிப்பட்ட இதயத்தோட எப்படிம்மா பாடம் நடத்துவே?" என்று வருத்தத்தோடு எங்கள் மனுவை மடித்து வைத்துவிட்டார்.

அடங்கியிருந்த இதயம் எப்படி இந்த ஆட்டம் ஆடுகிறது? வீட்டுக்கு வந்ததும், பன்னிரண்டு நாள் முன்பு வாங்கிவந்த பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். காகிதத்தில் பன்னிரண்டு பல். ஒரு பல் அளவுகூட மருந்து இறங்கவில்லை.

"சேசு மரி சூசையே! அடிப்பாவி, பன்னெண்டு நாளாக் குடிக்கலியா? வேணும்னே வேலையத் தொலைச்சிட்டியேடி!"

அக்கா சுவரில் சாய்ந்து, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள். "போவட்டும்டி. அந்த மூஞ்சி போன போக்கைப் பாத்த இல்ல?"

அன்று இரவு என் கையாலேயே மருந்தைப் புகட்டினேன். மறுநாள் விடியற்காலை பூசையில் டாக்டர் வழக்கமான இடத்தை விட்டு, கோடியில் போய் முழங்காலிட்டார். அக்கா எழுந்தாள். நெஞ்சைப் பிடித்தபடி மெல்ல நடந்து போய், அவருக்குப் பக்கத்திலேயே முழங்காலிட்டாள்.