நடக்க விடாத மலை

திருப்பத்தூர் டாக்டரம்மா என் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, "இன்னும் சக்கரை நோய் வரல. ஆனா வாசல்ல நிக்குது" என்றார். இன்சுலின் எதிர்ப்பாம். சாப்பாட்டிலிருந்து வரும் சர்க்கரையை உள்ளே விடச் சொல்லி இன்சுலின் செல்களின் கதவைத் தட்டுகிறது. என் செல்கள் லேசில் திறப்பதில்லை. உடம்பு மேலும் மேலும் இன்சுலினை அனுப்பித் தட்டுகிறது. ஒரு நாள் அது களைத்துப்போனால் சர்க்கரை நோய்தான்.

"இவரும் அப்பிடித்தாங்க. காலைல எவ்ளோ தட்டுனாலும் எழுந்துக்க மாட்டாரு" என்றாள் மனைவி. டாக்டரம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அப்பாவுக்குச் சர்க்கரையில் ஒரு கால் போனது. நான் வேன் ஓட்டிப் பிழைக்கிறவன்.

சோற்றைக் குறைக்க வேண்டும், தொப்பை கரைய வேண்டும், தினமும் வேகமாக நடக்க வேண்டும், தசை உழைத்தால் கதவு திறக்கும் என்றார். மூன்று மாதம் பார்த்துவிட்டு மாத்திரையைப் பற்றி யோசிக்கலாமாம். விளைந்த சாமையை விற்றுவிட்டு ரேஷன் அரிசி பொங்குகிற வீடு எங்களுடையது. மனைவி இந்த முறை சாமையை விற்கவில்லை. மருந்துதானே என்று நானும் மூன்று தட்டு சாப்பிட்டேன். நான்காவது தட்டைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

நடைதான் உருப்படவில்லை. எங்கள் மலையில் சும்மா நடப்பவர் யாரும் கிடையாது. நடந்து போகிறவரைப் பார்த்தால் வண்டி நிற்கும். ஏறாவிட்டால் பகை என்று அர்த்தம். காவலூர் ரோட்டில் நான் கையை வீசி நடக்கத் தொடங்கியதுமே யாராவது ஏற்றிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் இறக்கிவிடுவார்கள். ஒரு நாள் மனைவியின் தம்பி வண்டியை நிறுத்தினான். வேண்டாம் என்றேன். நான் வீடு சேர்வதற்குள் மாமியார் மகளுக்குப் போன் போட்டு, "இன்னா சண்ட உங்களுக்குள்ள?" என்று அழுதுவிட்டார்.

மறுநாளும் மச்சான் நிறுத்தினான். நோய் என்று தெரிந்தால் என் வேனில் யார் ஏறுவார்கள் என்று அதுவரை வெளியே மூச்சு விடவில்லை. அன்றைக்கு எரிச்சலில் கொட்டிவிட்டேன். "சக்கரை வர்ற மாதிரி கீதுடா. அப்பா மாதிரி கால் போய்டுமோன்னு பயமா கீது. அதான் நடக்குறேன்."

அவன் பைக் இன்ஜினை அணைத்தான். இறங்கி, அதைத் தள்ளிக்கொண்டு என்னோடு நடந்தான். பின்னால் வந்த ஒருவர் நிறுத்தி, "பெட்ரோல் தீந்துட்ச்சா?" என்றார். "இல்லண்ணா, சும்மா நடக்குறோம்" என்றான் மச்சான். அவர் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

வண்டிச் சத்தம் ஓய்ந்த பிறகு மச்சான் மெதுவாகச் சொன்னான். "எனக்குப் போன வருசமே வந்துட்ச்சு மாமா. மாத்திரைய வண்டி சீட்டுக்கு அடியில வெச்சிருக்கேன். அக்காகிட்ட சொல்லிடாதீங்க."