மெடிக்கல் போர்டில் அக்கா நடந்த நடை

தினசரி நாட்காட்டியிலிருந்து கிழித்த ஒரு தாளைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன். கார்த்திகை மாதம், புதன்கிழமை. அச்சிட்ட தேதிக்குக் கீழே எங்கள் அம்மா பென்சிலால் எழுதியிருக்கிறார்: "மெடிக்கல் போர்டு, காலை பத்து மணி. சிரிக்கக் கூடாது." கடைசி வரி அக்காவுக்கான கட்டளை.

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரை நினைக்கும்போது எங்கள் வீட்டில் முதலில் வருவது சிரிப்புதான் என்பதால், தம்பியாகிய நான் அந்தப் புதன்கிழமையையே இங்கு விரிவாக எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது அனகாபுத்தூரில். அம்மா ஆடி மாதம் என்கிறார். பள்ளிச் சான்றிதழ் ஜூன் என்கிறது. அந்தப் பள்ளியில் அந்நாளில் சேர்ந்த பிள்ளைகள் ஏறக்குறைய எல்லோரும் ஜூனில்தான் பிறந்திருக்கிறார்கள். திருமணமாகிக் கோவிலம்பாக்கம் சென்றார். மாமா ஷேர் ஆட்டோ ஓட்டினார். பிள்ளைகள் வளர்ந்த பிறகு அக்கா மறைமலை நகரில் கார் இருக்கைக்கு உறை தைக்கும் கம்பெனியில் சேர்ந்தார். எட்டு ஆண்டுகள் கழிந்த நிலையில், தாம்பரத்தில் கம்பெனிப் பேருந்திலிருந்து இறங்கும்போது விழுந்து வலது தொடை எலும்பு முறிந்தது. எலும்பு கூடியது, கால் சற்றுக் குட்டையானது.

அதன் பிறகுதான் வீட்டில் வழக்கு. வேலையை விட்டுவிட்டால்தான் ஊனத்துக்கான உதவித்தொகை கிடைக்கும் என்று மாமாவுக்கு ஆட்டோ ஸ்டாண்டில் சொல்லியிருந்தார்கள். அக்காவின் கவலை வேறு. பி.எஃப். பென்ஷன் மாதாமாதம் வர வேண்டுமென்றால் பத்தாண்டுப் பணி வேண்டும்.

"இன்னும் ரெண்டு வருஷம் பாக்கி கீது. இப்ப வுட்டுட்டு வந்தா வயசான காலத்துல உங்க கையதான பாக்கணும்?" என்று மாமாவிடம் கேட்டார்.

"என் கைக்கு இன்னா கொறச்சல்?" என்றார் மாமா.

"ஒரு கொறச்சலும் இல்ல. எனக்கு என் கை வேணும்."

போர்டுக்குப் புறப்படும் காலை, அம்மா அக்காவின் தலையிலிருந்த பூவை எடுத்தார். பழைய புடவை ஒன்றைக் கொடுத்தார்.

"இன்னாடி, கல்யாணத்துக்கா போற? சிரிச்சினு போனா எவன் குடுப்பான்? நல்லா நொண்டு. வலிக்குதுன்னு கத்து."

"அழுதுகினு போனா கால இன்னும் ரெண்டு இஞ்ச் கொறச்சிப் போடுவாங்களாம்மா?"

தொழிலாளர் காப்பீட்டு மருத்துவக் குழுவின் அறையில் அக்காவை நடந்து காட்டச் சொன்னார்கள். அக்கா "ஐயோ, அம்மா" என்று முனகிக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து நடந்தார். மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

"ஏம்மா, அடிபட்டது வலது கால்தானே?"

அக்கா இழுத்தது இடது காலை. குனிந்து இரண்டு கால்களையும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஆமா சார். இது தொணைக்கு வந்துது."

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். மருத்துவர் சிரித்து முடித்து, நாடாவால் கால்களை அளந்து, முழங்காலை மடக்கிப் பார்த்துக் குறித்துக்கொண்டார். மாமா மெதுவாகக் கேட்டார்: "சார், இவங்க வேலைக்குப் போனா பணத்த நிறுத்திடுவாங்களாமே?"

"யாரு சொன்னா?"

"ஸ்டாண்டுல..."

"அப்ப பணத்தையும் ஸ்டாண்டுலயே வாங்கிக்கோங்க. கம்பெனி பஸ்ல பட்ட அடி, வேலையில பட்ட அடி மாதிரிதான். சம்பாதிக்கிற சக்தி எவ்வளவு கொறஞ்சிருக்குன்னு நாங்க கணக்குப் போட்டுச் சொல்லுவோம். நிரந்தரம்னு முடிவானா அதுக்கேத்த தொகை ஆயுசுக்கும் வரும். வேலைக்குப் போனாலும் வரும், போகாட்டியும் வரும்."

"அப்ப நாளைக்கே போலாமா சார்?" என்றார் அக்கா.

பி.எஃப். பென்ஷன், தொழிலாளர் காப்பீட்டின் ஊனத் தொகை என்ற இரண்டு தனித்தனித் திட்டங்களை நாங்கள் ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருந்தோம். படித்தவனான எனக்கும் இது தெரிந்திருக்கவில்லை. அடுத்த வாரமே அக்கா வேலைக்குப் போனார். பெடல் மிதிக்க வேண்டாம் என்று, தைத்த உறைகளைச் சரிபார்க்கும் மேசையில் உட்கார வைத்தார்கள். பத்தாண்டு தாண்டி, ஐம்பத்தெட்டு வயது வரை அங்கேயே இருந்தார். அதன்பின் இரண்டு தொகையும் அவர் பெயரிலேயே வந்தன. ஆண்டுதோறும் உயிர்ச்சான்று கொடுக்கப் போகும்போது பட்டுப் புடவை, தலை நிறையப் பூ. கேட்டால், "இருக்கேன்னு சொல்லத்தான போறேன்? நல்லா இருக்கேன்னும் தெரியட்டும்" என்பார்.

பங்குனியில் நெஞ்சுவலி வந்தது. இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தார். பக்கத்துக் கட்டில்காரரிடம் பென்ஷனுக்கு எழுதிப் போட்டாயிற்றா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் விடியலில் அமைதியாகப் பிரிந்தார்.

அன்று தாம்பரத்தில் அக்காவைத் தூக்கிச் சென்ற பேருந்து ஓட்டுநருக்கும், மேசை மாற்றித் தரச் சொல்லி மேலாளரிடம் பேசிய தோழியருக்கும், கடைசி இரண்டு நாளும் சோறு கொண்டுவந்த எதிர்வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

ஒரு செய்தி மட்டும் பாக்கி. அக்கா பதற்றத்தில் கால் மாறி நொண்டினாரா, அல்லது வேலைக்குப் போகவேண்டி அம்மாவின் ஏற்பாட்டைக் கவிழ்க்க வேண்டுமென்றே செய்தாரா? பதற்றம் என்கிறார் அம்மா. வேண்டுமென்றேதான் என்கிறார் மாமா. அக்காவிடமே ஒருமுறை கேட்டேன். "எந்தக் கால்டா?" என்றார். ஆகவே இது இன்றளவும் உறுதி செய்யப்படவில்லை.