இரண்டு சுவர், இரண்டு டப்பா

இரண்டு நாடுகளின் சமாதானம் என் ஸ்க்ரூடிரைவர் முனையில் நிற்கிறது என்று ஒரு காலத்தில் நான் மனதார நம்பினேன். நாற்பதைத் தாண்டிய, வழுக்கை விழுந்த, ஒரு பெண்ணைப் பெற்ற ஆள் இப்படியெல்லாம் நம்பலாமா என்றால், நம்பலாம். ஏ.சி. மெக்கானிக்கின் தலை எப்போதும் கூரையை ஒட்டியே இருக்கும். அங்கே காற்று கொஞ்சம் குறைவு.

வளைகுடாவில் அந்த நாடு ரொம்பச் சின்னது. காலையில் காரை எடுத்தால் மதியச் சாப்பாட்டுக்குள் எல்லை வந்துவிடும். ஆனால் அதன் தலைவருக்குப் பெரிய ஆசை. ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காதவர்களை எல்லாம் கூப்பிட்டு, ஒரே மேஜையில் உட்காரவைத்து, பேசவைக்க வேண்டும். கடலோரமாக நின்ற எங்கள் ஹோட்டலில்தான் அந்த மேஜை கிடந்தது. என் ரூம்மேட், காரைக்குடிப் பக்கத்துக்காரர், அந்த ஹாலில் டீ கொடுப்பவர்.

"யாரோ எவரோ அடிச்சுக்கிறாங்க. இவருக்கு என்ன மாப்ள அக்கறை?" என்று நான் கேட்டேன்.

"இத்தனூண்டு நாடு மாப்ள. சுத்தி எல்லாம் பெரிய கைங்க. எல்லாரும் இங்க வந்து டீ குடிச்சுப் பழகிட்டா, நாளைக்கு இந்த வாசல்ல வந்து எவன் கல்லெறிவான்?"

"அப்ப டீ குடுக்கிற நீதான் வெளியுறவு மந்திரி."

"பின்ன? உன்னை மாதிரி வெளியே ஏணியோட நிக்கிறவனா?"

எனக்கு அந்த வாரம் வேறு கவலை. பல வருடம் முட்டி மோதிக் கிடைத்த ஃபேமிலி விசாவில், வெள்ளிக்கிழமை என் மனைவியும் மகளும் வந்து இறங்குவதாக இருந்தது. அதற்குள் வேலை போனால் விசாவும் போகும். ஊரிலிருந்து மனைவி போனில் கேட்டாள்: "பாலைவனம்னு சொல்லிட்டு, பாப்பாவுக்கு ஸ்வெட்டர் வாங்கச் சொல்றீங்களே, என்னங்க இது?"

"வெளியதான் பாலைவனம். வீட்டுக்குள்ள ஊட்டி."

அந்த வாரம் வந்திருந்த இரண்டு நாட்டுக்காரர்களின் பேச்சுவார்த்தை தொடங்கிய அன்றே சண்டை வந்தது, குளிரைப் பற்றி. ஒரு தரப்பு காற்று விழும் இடத்தில் உட்கார்ந்து நடுங்கியது. எதிர்த்தரப்பு ஜன்னல் வெயிலில் வேர்த்தது. குறை என்றது அது, கூட்டு என்றது இது. ஹாலுக்கு இருந்ததோ ஒரே மெஷின். அதன் கன்ட்ரோலும் கீழே பிளான்ட் ரூமில். விருந்தாளிகளைக் கவனிக்கும் அரசு அதிகாரி, பூப்போல நடக்கும் ஒரு பெரியவர், எங்கள் மலையாளி இன்ஜினியரிடம் சொன்னது ஒரே வரி: "ரெண்டு பேருக்கும் சந்தோஷமா இருக்கணும், கலாஸ், அவ்வளவுதான்." இன்ஜினியர் அதை அப்படியே என் தலையில் இறக்கினார்.

நான் எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதைச் செய்தேன். முன்பு ஷார்ஜாவில் ஓர் ஆபீஸில் மேனேஜரும் கணக்கரும் இதே சண்டை போட்டபோது கற்ற வித்தை. எதிரெதிர்ச் சுவர்களில், குளிரைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட் போல, ஆளுக்கொரு டப்பாவை மாட்டினேன். உள்ளே ஒரு பேட்டரி. பட்டனை அமுக்கினால் எண் ஏறும், இறங்கும். வயர் சுவருக்குள் கொஞ்ச தூரம் போய்ச் சும்மா படுத்துக்கொள்ளும்.

மறுநாள் ஹால் அடங்கிவிட்டது. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, குளிர்காற்று போகும் டக்ட் பக்கத்தில் மல்லாந்து படுத்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாத பாஷைகள் ஏலக்காய் வாசத்தோடு மேலே மிதந்து வந்தன. இடையில் பட்டன் ஒலி. யாரோ எழுந்து குளிரைக் குறைத்துவிட்டு நிம்மதியாக உட்காருகிறார். எதிரே யாரோ கூட்டிக்கொள்கிறார். குளிர் இருந்த இடத்திலேயே இருந்தது. கண்ணை மூடினால் கட்டிடம் முழுதும் ஒரு கப்பலாகி, காலைப் பனிமூட்டத்தில் கடல்மேல் மெதுவாக நகர்வது போலிருந்தது. அந்தக் கப்பலுக்கு நான்தான் மாலுமி என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

கப்பல் மதியமே தரைதட்டியது. சீலிங் பலகையின் இடுக்கில் பார்த்தால், கோட் போட்ட ஒருவன் கையில் ஏதோ கருவியோடு சுவரைத் தடவிக்கொண்டே வந்து என் டப்பா முன்னால் நின்றான். அப்போதுதான் உறைத்தது. எங்கேயும் போகாத வயர், உள்ளே பேட்டரி, பேச்சுவார்த்தை நடக்கும் சுவரில். ஒட்டுக்கேட்கும் மெஷின் வேறு எப்படி இருக்கும்? அடுத்த நிமிடம் கதவுகள் திறந்தன. இரண்டு தரப்பும் விறுவிறுவென்று வெளியேறின.

முடிந்தது. தலைவரின் மேஜையை நான் கவிழ்த்துவிட்டேன். எல்லையில் டாங்கிகள் கிளம்புகின்றன. விமான நிலையத்தில் ஸ்வெட்டரும் கையுமாக என் மகளைத் திருப்பி அனுப்புகிறார்கள். பனியனில் வேர்வை ஊற்றியது, அதுவும் நாட்டிலேயே குளிரான இடத்தில் படுத்துக்கொண்டு.

கீழே ரூம்மேட்டின் குரல். "மாப்ள! எறங்கு. பெரியவர் உன்னைத்தான் கூப்பிடுறாரு."

"நான் இங்க இல்லைன்னு சொல்லு."

"உன் காலு தெரியுது மாப்ள."

இறங்கினேன். பெரியவர் டப்பாவைக் காட்டி மெல்லிய ஹிந்தியில், "சுனோ பாய், இது ரெண்டும் நீ வச்சதா?" என்றார்.

"மாஃப் கரோ சாப், மன்னிச்சிருங்க. வெள்ளிக்கிழமை என் ஃபேமிலி வருது சாப்."

"நல்லது, வரட்டும். இந்தப் பக்கத்து டப்பாவில் நம்பர் தெரியவில்லையாம். பேட்டரியை மாற்று. செக் பண்ண வந்த அவங்க ஆள்தான் சொன்னான்."

"அவங்க எழுந்து போனது?"

"சாப்பிட."

நடந்தது இவ்வளவுதான் என்று ரூம்மேட் பிறகு சொன்னார். இரு தரப்பின் சோதனைக்காரர்களும் அன்று காலையிலேயே டப்பாக்களைத் திறந்து, அவை எதனுடனும் இணைக்கப்படவில்லை என்று பார்த்து, திரும்ப மூடி, குளிர்ச் சண்டை மறுபடி வேண்டாமென்று தங்கள் மேலிடத்தில் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்கள். நான் பேட்டரி மாற்றினேன். அந்த வாரம் எதிலும் கையெழுத்தாகவில்லை. மறுபடி அதே ஹாலில் சந்திப்பதாகச் சொல்லிப் பிரிந்தார்கள். வெள்ளிக்கிழமை மனைவியும் மகளும் வந்து இறங்கினார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டாள்.